கடலோர வீட்டுக் கணினி சூடேறித் தானாக அணைகிறது. மதர்போர்டை மாற்றத்தான் வேண்டுமா?

பெரியபட்டினத்தான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பெரியபட்டினத்தில், கடலிலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் தொலைவில் என் வீடு இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், நோட்டீஸ் ஆகியவற்றை வீட்டிலிருந்தே வடிவமைத்து இராமநாதபுரத்து அச்சகங்களுக்கு அனுப்புவது என் தொழில். ஆவணி முகூர்த்தங்களுக்கான வேலை ஆடியின் பிற்பாதியில்தான் வந்து குவியும். அந்த நேரம் பார்த்துக் கணினி என்னைக் கைவிட்டிருக்கிறது.

2018-இல் உதிரிபாகங்களாக வாங்கிப் பூட்டிய கணினி இது. இன்டெல் கோர் ஐ5 8400 பிராசஸர், 8 ஜிபி ரேம், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) ஆகியவை உள்ளன. தனியாகக் கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. பிராசஸருடன் பெட்டியில் வந்த ஃபேனையே இன்றுவரை பயன்படுத்துகிறேன். கேபினெட், கணினி மேசையின் கீழ்ப்பகுதியில் கதவு போட்ட அறைக்குள் இருக்கிறது. மேசைக்கு நேர் எதிரே தெற்குப் பார்த்த சன்னல் இருப்பதால், கச்சான் காற்று வீசும் மாதங்களில் பொடிமணல் உள்ளே வந்து படிவதைத் தடுக்க முடிவதில்லை.

இரண்டு மாதங்களாக ஒரே தொல்லை. கணினியை இயக்கி 20 அல்லது 30 நிமிடம் ஃபோட்டோஷாப்பில் வேலை செய்தால், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் திரை கறுத்து முழுவதும் அணைந்துவிடுகிறது. உடனே மறுபடி பொத்தானை அழுத்தினால் இரண்டு நிமிடத்தில் மீண்டும் அணைகிறது. அரை மணி நேரம் விட்டுவிட்டு இயக்கினால் பழையபடி ஓடுகிறது. இதற்கிடையே, கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் நொடியிலும் சில நாள் அணைந்திருக்கிறது. பழுது பார்க்கக் கொண்டுபோன இடத்தில், கேபினெட்டைத் திறந்துகூடப் பார்க்காமல், மதர்போர்டு போய்விட்டது, ஒன்பதாயிரம் ரூபாய் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவு செலவழிப்பதற்கு முன் நானே சோதித்துப் பார்க்க வழி உண்டா என்பதே என் கேள்வி. ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரியும். அதற்கு மேல் அனுபவம் இல்லை.

அரண்மனைத்தெரு பதிலளித்தது:

வணக்கம் ஐயா. நீங்கள் எழுதியதில் மிகவும் பயனுள்ள தகவல், உடனே இயக்கினால் இரண்டு நிமிடத்தில் அணைகிறது, ஆறவிட்டு இயக்கினால் ஓடுகிறது என்பதுதான். மதர்போர்டில் நிலையான பழுது இருந்தால் அது ஆறினதா சூடாக இருக்கிறதா என்று இவ்வளவு ஒழுங்காகக் கணக்கு வைத்துக்கொண்டு நடக்காது. ஆகவே வெப்பம்தான் முதல் சந்தேகம். ஆனால் எந்தப் பாகத்தின் வெப்பம் என்பதை அளந்து பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உங்களுடைய பிராசஸருக்கு இன்டெல் வகுத்திருக்கும் மேல்வரம்பு 100 டிகிரி செல்சியஸ். அந்த அளவைத் தொட்டவுடன் அது அணைந்துவிடுவதில்லை; முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு சூட்டைத் தணிக்கப் பார்க்கும். அப்படியும் கட்டுக்குள் வராமல் வெப்பம் ஏறிக்கொண்டே போனால்தான், தன்னைக் காத்துக்கொள்வதற்காக முழுக் கணினியையும் ஒரே வெட்டாக நிறுத்தும். எனவே, அணைவதற்கு முந்தைய சில நிமிடங்களில் கணினி தவழ்ந்து நடப்பதுபோல் மந்தமாகியிருந்தால் பிராசஸர் சூடு என்று கொள்ளலாம். கடைசி நொடிவரை முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்து சட்டென்று இருண்டால், பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் அல்லது வீட்டு மின்சாரத்தின் பக்கம் பார்க்க வேண்டியிருக்கும். இந்த இரண்டில் உங்களுடையது எது என்பதை நினைவிலிருந்து சொல்லாமல், பதிவு செய்து பார்த்துச் சொல்லுங்கள்.

அதற்கு ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். அதில் சென்சார் பகுதியை மட்டும் திறந்து, கீழே இருக்கும் பதிவுப் பொத்தானை அழுத்தினால், இரண்டு நொடிக்கு ஒரு முறை எல்லா அளவுகளையும் ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே போகும். வழக்கம்போல் வேலை செய்யுங்கள், அணையட்டும். பிறகு ஆறவிட்டு இயக்கி அந்தக் கோப்பை எக்செலில் திறந்து, கடைசி இருபது வரிகளில் பிராசஸர் வெப்பமும் அதன் வேகமும் ஃபேனின் சுழற்சியும் என்னவாக இருந்தன என்று பாருங்கள். விண்டோஸின் நிகழ்வுக் குறிப்பேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று ஒரு பதிவு இருக்கும். அதைப் பார்த்துப் பலர் பயந்துபோகிறார்கள். முந்தைய முறை முறைப்படி அணைக்கப்படவில்லை என்பதைத் தவிர அது வேறெதையும் சொல்வதில்லை என்பதால் அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

இன்னொரு சோதனையும் உண்டு. கணினி நன்றாக ஆறியிருக்கும் காலை நேரத்தில் இயக்கி, விண்டோஸுக்குள் போகாமல், அதற்கு முன் திறக்கக்கூடிய அமைப்புத் திரையான பயாஸிலேயே வைத்து, அங்கு காட்டும் வெப்ப அளவைப் பத்து நிமிடம் கவனியுங்கள். அங்கே கனமான வேலை எதுவும் நடப்பதில்லை. நம் ஊர் வெக்கையில்கூட 50 டிகிரி அளவில் நின்றுவிட வேண்டும். நிற்காமல் 70, 80 என்று ஏறிக்கொண்டே போனால், ஹீட் சிங்க் (ஃபேனுக்கு அடியில் சூட்டை இழுக்கும் அலுமினியத் தகட்டுத் துண்டு) பிராசஸரின் மேல் சரியாக உட்காரவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

கையிலிருக்கும் அவசர வேலையை முடிக்க ஒரு தற்காலிக உபாயம்: விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் பிராசஸரின் அதிகபட்ச நிலையை 100 விழுக்காட்டிலிருந்து 99 ஆக மாற்றுங்கள். ஒரு விழுக்காடுதானே என்று தோன்றும். ஆனால் அதனால், தேவைப்படும்போது தானாக ஏறும் டர்போ வேகம் முழுவதும் நின்று, உங்கள் பிராசஸர் அதன் அடிப்படை வேகமான 2.8 கிகாஹெர்ட்ஸிலேயே ஓடும், சூடும் கணிசமாகக் குறையும். மேசையின் கதவையும் இன்றே கழற்றி வைத்துவிடுங்கள்.

பனைக்குளத்துக்காரர் பதிலளித்தது:

என் கணினிக்கும் இதே நோய் வந்தது. கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு, எதிரே மேசை ஃபேனை வைத்து ஓட்டினேன், அணைவது நின்றுவிட்டது. இவ்வளவு சோதனை எல்லாம் எதற்கு? ஃபேன் வைத்தாலே போதும் என்பது என் கருத்து.

மண்டபம் முகாம் பதிலளித்தது:

பனைக்குளத்து நண்பர் சொன்ன வழி மதுரையிலோ திருச்சியிலோ இருப்பவருக்குச் சரிப்படலாம். தென்கடலைப் பார்த்த சன்னலுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அதை நான் சொல்ல மாட்டேன். மேசை ஃபேன் அனுப்புவது காற்றை மட்டுமா? கடலிலிருந்து வரும் உப்புத் துகளையும் மணலையும், சுற்றுவட்டாரத்தில் சீமைக்கருவேலக் கரிமூட்டம் போட்டிருந்தால் அந்தக் கரித்தூளையும் சேர்த்துத்தான் மதர்போர்டின் மேல் அடிக்கும். இன்று சூடு குறையும். இரண்டு வருடத்தில் ரேம் பொருந்தும் இடமெல்லாம் பச்சை பூத்துப் போகும். ஒரு நாள் அவசரத்துக்கு வேண்டுமானால் அப்படி ஓட்டலாம்.

உப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கரையில் கணினி சூடாவதற்கும் உள்நாட்டில் சூடாவதற்கும் உள்ள வேறுபாடு அதில்தான் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால், சாப்பாட்டு உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக் கரைந்து நீராகிவிடும். அடுக்களையில் உப்பு ஜாடி கசிவதை நாம் பார்க்காத மழைக்காலம் உண்டா? அதே வேலை ஹீட் சிங்கின் தகடுகளுக்கிடையிலும் நடக்கிறது. இரவில் ஈரமாகி, பகலில் கணினியின் சூட்டில் காய்ந்து, அடுத்த நாள் வரும் தூசியை மறுபடி பிடித்துக்கொண்டு, நாளடைவில் தகடுகளின் இடுக்கு முழுவதும் கம்பளித் துணிபோல ஒரு படலம் அடைத்துக்கொள்கிறது. உலர்ந்த தூசி ஊதினால் பறக்கும், இது பறக்காது. மேலே பார்த்தால் ஃபேன் சுற்றுவது தெரியும், கீழே காற்றுப் போவதற்கு வழியே இருக்காது. உலோகங்கள் எப்படி அரிக்கப்படுகின்றன என்று சோதிப்பதற்காகக் காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் எங்கள் மண்டபத்தைத் தேடி வந்து களம் அமைத்ததென்றால், நம் காற்றின் குணத்தைப் பற்றி நான் வேறு சொல்ல வேண்டியதில்லை.

தம்பி, அளவுகளைப் பதிவு செய்து முடித்ததும் சுத்தம் செய்யும் வேலையைப் பின்வருமாறு செய்யுங்கள். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பொத்தானை ஒரு முறை அழுத்தி மிச்ச மின்சாரத்தைத் தீர்த்துவிட்டு, கேபினெட்டைக் காற்று மறைவான கொல்லைப்புறத்துக்குக் கொண்டுபோங்கள். அங்கே வைத்துத் தூசியை ஊதி நீக்குங்கள். ஃபேனை ஊதும்போது அதன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அளவுக்கு மீறிச் சுற்றி அதன் பேரிங் கெடும். டயருக்குக் காற்றடிக்கும் கடைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். அந்தக் கம்ப்ரஸரிலிருந்து தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும், அதில் வீணான மதர்போர்டுகளை நானே பார்த்திருக்கிறேன்.

மின்கம்பியைப் பிடுங்குவதற்கு முன்பே கணினியை ஐந்து நிமிடம் ஓட்டி அணைத்தால், பிராசஸருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் வெப்பம் கடத்தப் பூசியிருக்கும் பேஸ்ட் காய்ந்திருந்தாலும் இளகி, ஹீட் சிங்க் எளிதாக வரும். இன்டெல் ஹீட் சிங்கில் நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் முளைகள் இருக்கும். அவற்றின் தலையில் உள்ள அம்புக்குறி காட்டும் பக்கம் திருப்பி மேலே இழுத்தால் கழன்றுவிடும். பழைய பேஸ்டைத் துடைக்க ஐசோபுரோபைல் ஆல்கஹால் நல்லது. ஆனால் பலருக்குத் தெரியாத ஒன்று, உப்பு ஆல்கஹாலில் ஏறக்குறைய கரைவதே இல்லை. ஆகையால் ஹீட் சிங்கிலிருந்து ஃபேனைப் பிரித்து வைத்துவிட்டு, அந்த அலுமினியத் துண்டை மட்டும் பழைய பல்துலக்கியால் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். உங்கள் வீட்டு போர்வெல் தண்ணீர் வேண்டாம், உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரா? காவிரிக் குடிநீரோ கேன் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முழு நாள் வெயிலில் காயட்டும். மதர்போர்டின் மேல் தண்ணீர் படவே கூடாது, அதற்கு மென்மையான தூரிகையும் ஆல்கஹாலும் மட்டும்தான்.

புது பேஸ்ட் ஒரு பட்டாணி அளவுக்கு மேல் வேண்டாம். திரும்பப் பொருத்தும்போது, முளைகளைப் பழைய நிலைக்குத் திருப்பி வைத்து, குறுக்கு மூலைகளாக இரண்டிரண்டாக அழுத்துங்கள். நான்கும் சொடுக்கென்று சத்தம் கொடுக்க வேண்டும். மதர்போர்டின் பின்பக்கத்தில் வெள்ளைக் கால்கள் விரிந்து, அவற்றின் நடுவில் கறுப்பு ஊசி வெளியே தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் மூட வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸின் வெளிப்புறத்தை மட்டும் தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக் கூடும், அதைத் திறக்காதீர்கள்.

தொண்டி மின்பணியாளர் பதிலளித்தது:

இன்வெர்ட்டருக்கு மாறும் நொடியில் அணைவதைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்பதால் இதைச் சொல்கிறேன். அது வெப்பத்தோடு சேராத வேறொரு குறையாக இருக்கக் கூடும்; இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால், ஒன்றைச் சரிசெய்த பிறகும் கணினி அணைவதைக் கண்டு, செய்த வேலை வீண் என்று நினைத்துவிடுவீர்கள்.

மின்சாரம் அறுந்த பிறகும் தன்னிடம் சேமித்திருப்பதைக் கொண்டு கணினியைத் தாங்கும் நேரம், நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்குச் சுமார் 16 மில்லி வினாடி. அதற்குள் இன்வெர்ட்டர் மின்சாரத்தைக் கொடுத்துவிட வேண்டும். வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றின் பின்பக்கத்தில் ஒரு சிறிய விசை இருக்கும். அதில் யுபிஎஸ் என்று ஒரு நிலையும், இக்கோ அல்லது நார்மல் என்று மற்றொரு நிலையும் இருக்கும். யுபிஎஸ் நிலையில் மாறும் நேரம் 10 மில்லி வினாடி அளவில் இருக்கும். மற்றொரு நிலையில் அதைவிட அதிகம். ட்யூப் லைட்டுக்கும் ஃபேனுக்கும் அது தெரியாது, கணினிக்குத் தெரியும். ஆனால் யுபிஎஸ் நிலையில் ஒரு சங்கடமும் உண்டு. மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கெரியும் நேரத்தில் உங்கள் தெருவில் வோல்டேஜ் 180-க்குக் கீழே இறங்குமானால், கரண்ட் இருக்கும்போதே இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறி, பேட்டரியைக் காலி செய்துகொண்டிருக்கும். பேட்டரிக்குத் தண்ணீர் விடுவதை மறந்துவிடாதீர்கள்.

இன்வெர்ட்டர் கொடுக்கும் மின்சார அலையின் வடிவம் ஸ்கொயர் வேவ் வகையா, சைன் வேவ் வகையா என்பதையும் அதன் மேல் ஒட்டியிருப்பதைப் படித்துச் சொல்லுங்கள். ஸ்கொயர் வேவ் என்றால், புதிய வகை எஸ்எம்பிஎஸ்கள் சில அதில் ஒழுங்காக ஓடுவதில்லை. முடிந்தால் பிளக் பாயின்ட்டில் எர்த் இருக்கிறதா என்பதை உள்ளூர் எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துவிடுங்கள். நம் பக்கத்து மணலில் கரியும் உப்பும் போட்டு இறக்கிய எர்த் குழியில் கோடைக்குத் தண்ணீர் ஊற்றாமல் விட்டால், அது பெயருக்குத்தான் எர்த்.

பெரியபட்டினத்தான் மீண்டும் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நான்கு நாளாகச் செய்தவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் பதிவு. இயக்கிய ஐந்தாவது நிமிடம் 71 டிகிரி, பதினைந்தாவது நிமிடம் 92. அதன் பிறகு 100-ஐத் தொட்டு அங்கேயே நின்றது. அந்த இடத்திலிருந்து பிராசஸரின் வேகம் 3.8 கிகாஹெர்ட்ஸிலிருந்து சிறிது சிறிதாகக் குறைந்து, கடைசி வரிகளில் 1.2 ஆகியிருந்தது. அணைவதற்கு முன் ஃபோட்டோஷாப் மந்தமாவதை நான் இதுவரை என் கோப்பின் கனத்தால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஃபேன் மட்டும் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்ததாகவே பதிவு சொன்னது. காலையில் பயாஸ் திரையில் வைத்துப் பார்த்ததில் ஏழாவது நிமிடமே 78 வந்துவிட்டது, மேற்கொண்டு வைத்திருக்கப் பயந்து அணைத்துவிட்டேன்.

பிறகு திறந்து பார்த்தேன். மண்டபத்து அண்ணன் சொன்ன கம்பளித் துணி அப்படியே இருந்தது. ஃபேனைப் பிரித்ததும் ஹீட் சிங்கின் மேல் வட்டமாக, வறட்டியைப்போல் ஒன்று கையோடு பெயர்ந்து வந்தது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் கண்ணில் பட்டது. நான்கு முளைகளில் ஒன்று மேலே எழும்பி நின்றது. இரண்டு மாதத்துக்கு முன் மேசையை இடம் மாற்றியபோது கேபினெட்டைப் படுக்கவைத்துத் தூக்கினோம், அப்போது கழன்றிருக்கலாம் என்று நினைக்கிறேன். அந்த மூலையில் பேஸ்ட் காய்ந்து உதிர்ந்திருந்தது. பிராசஸரும் ஹீட் சிங்கும் ஒட்டியதற்கான அடையாளம்கூட அங்கே இல்லை.

கேன் தண்ணீரில் கழுவி, மொட்டை மாடியில் ஒரு நாள் காயவைத்து, புது பேஸ்ட் வைத்துப் பூட்டினேன். முதல் முறை பூட்டியபோது நான்காவது முளை சத்தம் கொடுத்தும் பின்பக்கத்தில் ஊசி வெளியே வரவில்லை. டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னதால் தப்பித்தேன். இப்போது பயாஸில் 44 டிகிரியில் நிற்கிறது. அறையின் வெப்பம் 33 டிகிரி இருந்த மதியத்தில், மேசைக் கதவைக் கழற்றிவிட்டு இரண்டு மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தும் 72-ஐத் தாண்டவில்லை. டர்போவையும் பழையபடி இயக்கிவிட்டேன்.

ஆனால் நேற்று மாலை கரண்ட் போனபோது மறுபடி அணைந்தது. தொண்டி நண்பர் முன்கூட்டியே எழுதியிராவிட்டால் மனம் உடைந்திருப்பேன். இன்வெர்ட்டரைத் திருப்பிப் பார்த்தேன். சைன் வேவ் வகைதான், ஆனால் விசை இக்கோவில் இருந்தது. யுபிஎஸ்ஸுக்கு மாற்றிவிட்டு, மெயினை நானே ஆறு முறை அணைத்துப் பார்த்தேன், ஒரு முறையும் கணினி அசையவில்லை. எனக்கு ஆன மொத்தச் செலவு பேஸ்டும் ஆல்கஹாலும் சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது.

இனி ஒரே ஒரு சந்தேகம். ஐப்பசி, கார்த்திகையில் எனக்கு வேலை குறைவு. அந்த நாட்களில் கணினியைப் பாலிதீன் உறை போட்டு மூடி வைத்துவிட்டால் உப்புக் காற்றிலிருந்து காப்பாற்றலாமா?

அரண்மனைத்தெரு பதிலளித்தது:

மகிழ்ச்சி ஐயா. அந்தப் பதிவுக் கோப்பை அழித்துவிடாமல் வைத்திருங்கள். அடுத்த சித்திரையில் இதேபோல் ஒரு பதிவு எடுத்து, அறையின் வெப்பத்தையும் குறித்துக்கொண்டு ஒப்பிடுங்கள். அறை ஒரு டிகிரி ஏறினால் பிராசஸரும் ஏறத்தாழ ஒரு டிகிரி ஏறும். அந்தக் கணக்கைக் கழித்த பிறகும் பத்து டிகிரி கூடுதலாக இருந்தால், மறுபடி தூசி அடைக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போது திறந்தால் போதும், சும்மா திறந்து திறந்து முளைகளைத் தளர்த்திக்கொள்ள வேண்டாம்.

மண்டபம் முகாம் பதிலளித்தது:

பாலிதீன் உறை வேண்டாம் தம்பி. உள்ளே ஏற்கெனவே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் அதற்குள்ளேயே நிற்கும். வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் அதுதான் அதிகக் கேடு. ஓடும் கணினியைவிட ஓடாமல் கிடக்கும் கணினிதான் நம் கரையில் சீக்கிரம் துருப்பிடிக்கிறது. ஓடும்போது உள்சூடு காரணமாகப் பெட்டிக்குள் ஈரப்பதம் வெளியைவிடக் குறைவாக இருக்கும், உப்பு கரைந்து கசிவதற்கு வாய்ப்பில்லை. வேலை இல்லாவிட்டாலும் நாள்தோறும் ஒரு மணி நேரம், பாட்டுக் கேட்பதற்காவது அதை ஓட்டுங்கள். அணைத்துச் சூடு ஆறிய பிறகு பழைய பருத்தி வேட்டி ஒன்றை மேலே போட்டு வைக்கலாம். இயக்கும் முன் எடுத்துவிட வேண்டும். மேசையைத் தெற்குச் சன்னலுக்கு எதிரே வைக்காமல் பக்கச் சுவரோரம் நகர்த்துங்கள். நகர்த்தும்போது கேபினெட்டைப் படுக்கவைக்காமல் நிமிர்ந்தபடியே தூக்குங்கள்.